நிற்காமல் படித்த வீடு

அப்பா,

பவி புத்தகத்தைத் திறக்கும் முன்பே அவளுடைய இடது கை எழுந்து காதை மூடிக்கொள்கிறது. போன வியாழக்கிழமை அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். வலது கை அட்டையைத் திருப்புகிறது, இடது கை காதின்மேல் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு முடியை ஒதுக்குவதுபோலத் தெரியலாம். முடியை ஒதுக்கும் கை அப்படி இருக்காது. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைக் காதோடு அழுத்தி, விழுகிற அடி விரல் எலும்பில் விழட்டும் என்று வைத்துக்கொள்கிற கை அது. என் கையும் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தது.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. வியாழக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு நான் என் தங்கையை அடித்திருந்தேன். இரண்டாம் வகுப்புப் பாடம். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது எனக்கே தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். தெரிந்துதான் அடித்தேன். கை ஓங்கும்போது வாயில் உங்கள் சொல் வந்தது. "நிக்காதட்டி."

அவள் அழவில்லை. உடனே கடகடவென்று படிக்கத் தொடங்கினாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அவள் சொன்ன எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. படத்தில் ஒரு பூனை இருந்தது. அவள் பூனையைப் பற்றி எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவுக போயிட்டாகன்னு நெனச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குக் கொஞ்சமாவது பழக்கமான எழுத்து இது ஒன்றுதான்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது, ஒரு நாள் மதியம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தேன். பஜாரில் லாரியின் பின்பக்கத்துக்கும் கிடங்கு வாசலுக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருந்தார்கள். நீங்கள் ஆறு பேர் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் மூட்டை வைத்து, ஒருவர் பின் ஒருவராக அந்தப் பலகையில் நடந்தீர்கள். பலகை கீழே வளைந்து மேலே வந்தது. எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. அப்போது உங்களுக்கு முன்னால் இரண்டாவதாகப் போனவர் காலில் ஏதோ குத்தியது. ஒரு நொடி நின்றார். பின்னால் வந்தவர் அவர்மேல் மோதினார். இருவரும் மூட்டைகளோடு கீழே போனார்கள். பின்னால் வந்தவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்து வெள்ளையாகத் தெரிந்தது. மூட்டை கிழிந்து சுக்கு முழுவதும் அவர்மேல் கொட்டியது. அவர் கத்திக்கொண்டே தும்மினார்.

நீங்கள் மூட்டையை உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துதான் அவரைத் தூக்கினீர்கள். பிறகு கை கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றீர்கள். "பாத்தியாட்டி? பலகையில ஏறிட்டா நிக்கப்படாது. முள்ளு குத்தினாலும் நடக்கணும். நின்னா ரெண்டு பேரு காலி" என்றீர்கள்.

அடுத்த வருடம் நான் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது அந்தப் பலகையை வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டீர்கள்.

மாலை ஆறு மணிக்கு உங்கள் செருப்புச் சத்தம் கேட்கும். குளித்துவிட்டு வந்தாலும் உங்கள் முடியில் மிளகுத் தூசி இருக்கும். என் இடது பக்கம் வந்து உட்காருவீர்கள். எப்போதும் இடது பக்கம்தான், வலது கைக்கு அதுதான் வசதி. "படிட்டி" என்பீர்கள். என் பாடமெல்லாம் மலையாளம். உங்களுக்கு மலையாளம் பேச வரும், ஒரு எழுத்தும் படிக்க வராது. அதனால் நான் சரியாகப் படிக்கிறேனா என்று உங்களுக்குத் தெரிய ஒரே ஒரு வழிதான் இருந்தது. நான் நிற்கிறேனா, நிற்காமல் போகிறேனா என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நின்றால் அடி. முதலில் மண்டையில் ஒரு குட்டு. பிறகு காதோடு சேர்த்து ஒன்று. அதற்கும் பிறகு நின்றால் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவுவீர்கள். பெல்ட் உருவும் சத்தம் கேட்டாலே எனக்கு எழுத்துகள் மங்கிவிடும்.

புதிதாகப் படிக்கும் குழந்தை நிற்கத்தான் செய்யும் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. நான் முட்டாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒருமுறை அடித்து முடித்துவிட்டு நீங்களே ஒரு விஷயம் சொன்னீர்கள். மூட்டைகளில் சாக்கட்டியால் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல், மிளகு மூட்டைகளைச் சுக்குப் பக்கம் அடுக்கிவிட்டீர்களாம். மேஸ்திரி எல்லார் முன்னாலும் செருப்பைக் கழற்றி உங்கள் முகத்தில் அடித்தாராம். "படிக்கத் தெரியாதவன யாரு வேணாலும் அடிக்கலாம்ட்டி. அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றீர்கள். அப்போது என் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் சொன்னது உண்மை என்று என் கன்னத்துக்குத் தெரிந்தது.

அடி வாங்காமல் இருக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் இரண்டு வரி பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லக் கேட்டு மனப்பாடம். அதற்குப் பிறகு படத்தைப் பார்த்துக் கதை. விரலை வரியில் ஓட்டிக்கொண்டே, நிற்காமல், பாடப் புத்தகம் போன்ற மலையாளத்தில் சொல்லிக்கொண்டு போவேன். பக்கம் முடிகிற இடத்தில் முடிக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நீங்கள் கண்ணை மூடிக் கேட்பீர்கள். கை மடியில் சும்மா கிடக்கும்.

நான்காம் வகுப்பில் ஒரு ஆட்டின் படம் இருந்தது. கிணற்றுப் பக்கம் நின்ற ஆடு. நான் அந்த ஆட்டைக் கிணற்றில் தள்ளினேன். ஊரே கூடி நின்று கயிறு போட்டும் ஆடு செத்துப்போனது என்று முடித்தேன்.

"அட பாவமே" என்றீர்கள். "பொறவு? வீட்டுக்காரன் என்ன செஞ்சான்?"

"அது அடுத்த பாடத்துல வரும்பா."

நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், டீக்கடையிலிருந்து தாளில் சுற்றிய பழம்பொரி வாங்கி வந்தீர்கள். எனக்கு மட்டும். "தின்னு. இன்னைக்கி ஒரு எடத்துலயும் நிக்கல" என்றீர்கள். அந்தப் பழம்பொரியின் சூடு என் நாக்கில் இன்னும் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

மறுநாளே அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். "அந்த ஆட்டுக் கதைய இன்னொருக்கா படி. ஒங்க அம்மையும் கேக்கட்டும்."

முந்தின நாள் என்ன சொன்னேன் என்று பயத்தில் எனக்கு நினைவில்லை. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு சந்தைக்குப் போனது என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"நில்லு" என்றீர்கள். முதல்முறையாக நீங்களே நிற்கச் சொன்னீர்கள். "நேத்து செத்த ஆடு இன்னைக்கி எப்படிட்டி சந்தைக்குப் போகும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. உங்கள் உதடும் கொஞ்சம் விரிந்ததைப் பார்த்தேன், அதனால்தான் சிரித்தேன். பிறகு உங்களுக்குப் புரிந்தது. எத்தனை நாளாக என்று மனதுக்குள் எண்ணியிருப்பீர்கள். "என்னையவா ஏமாத்துத?" என்றீர்கள்.

அந்த அடியைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுதாவிட்டால் நடக்காததுபோல ஆகிவிடும். இடது காதில் விழுந்த மூன்றாவது அடியில் ஏதோ உடைகிற மாதிரி ஒரு சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. அதற்குப் பிறகு உங்கள் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. பெல்ட்டின் கொக்கி முதுகில் பட்டது. அம்மா என்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். அவளுக்கும் விழுந்தது. அரைமணி நேரம் கழித்து என் காதிலிருந்து ஒரு துளி ரத்தம் வழிந்து அந்த ஆட்டின் படத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. கிளினிக்கில் அம்மா, "குளிமுறியில வழுக்கி விழுந்துட்டா" என்றாள். நீங்கள் வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் என் பாடத்தைக் கேட்கவே இல்லை. "பொய்க்காரி" என்று பெயர் வைத்தீர்கள். நான் வகுப்பில் கடைசி வரிசைக்குப் போனேன். எட்டாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர் எழுந்து படிக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் படித்தேன், நிற்காமல். நாற்பது பிள்ளைகள் கையில் அதே புத்தகம் இருந்தது. யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் நான் போகவில்லை. அதற்கும் மூன்று நாள் அடித்தீர்கள். நான்காம் நாள் அம்மா என்னைச் சுக்குப் பொறுக்குகிற இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

தமிழ் படிக்க நான் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய வார இதழ்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. ஒவ்வொரு எழுத்தும் என்ன என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டேன். பிறகு துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாகப் படித்தேன். ஒரு வரியில் பத்து முறை நின்றேன். யாரும் அடிக்கவில்லை. ஆறு மாதத்தில் ஒரு தொடர்கதையின் நடு அத்தியாயத்தை முழுதாகப் படித்துவிட்டேன். முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது.

பவியின் முறை வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அவள் ஒன்றாம் வகுப்பு. நீங்கள் அவளை இன்னும் மாலையில் உட்கார வைக்க ஆரம்பிக்கவில்லை. அதற்குள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், நம் சந்து முனையில் இருக்கும் வாசகசாலையில் சனிக்கிழமை நாலு மணிக்குச் சின்னப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள், வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும் என்று. "நானே வாரேன்" என்றீர்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டீர்கள். நானும் பின்னால் வந்தேன்.

அந்த இடத்தை நடத்துகிறவர் றம்லத் இத்தா. காலையில் தையல் கடை, சனிக்கிழமை மாலை இது. பாய் விரித்திருந்தது. ஒரு குழந்தை ஒரு பக்கம் வாசிக்கும், கூட வந்தவர் அடுத்த பக்கம் வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் "எனிக்குப் படம் மதி" என்று சொல்வார்கள், படம் போதும் என்று. சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்துக் கதை சொல்வார்கள். அதில் யாருக்கும் வெட்கமில்லை. மீன் விற்கும் ஒரு அம்மா, "படம் மதி, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன்" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், எல்லா வாரமும் இப்படித்தானாம். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

நான் கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்தேன். ஏழெட்டு வயதில் நான் பயந்து பயந்து செய்ததை இங்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுச் செய்கிறார்கள்.

பவி வாசித்தாள். இரண்டாவது வரியில் நின்றாள். நீங்கள் அவள் இடது பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்தச் சத்தத்தில் எல்லாப் பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள். பவி பாயில் சாய்ந்து கிடந்தாள். றம்லத் இத்தா எழுந்து வந்தார். கத்தவில்லை. "அண்ணா, இவிடெ அடி வேண்டா. குட்டி நிக்கட்டே. நின்னுட்டு அவளே போவா" என்றார்.

"நின்னா எப்படிம்மா படிப்பு வரும்?"

"அப்போ அண்ணன் ஒரு வரி வாசிக்கூ. நாங்க கேக்கட்டே. இல்லன்னா படம் மதி."

படம் மதி என்று நீங்கள் சொல்லியிருக்கலாம், அப்பா. அந்த மீன்கார அம்மா பக்கத்திலேயே இருந்தார். நீங்கள் புத்தகத்தைக் கையில் வாங்கினீர்கள். ஒரு ஆனையைக் குளிப்பாட்டும் படம். விரலை முதல் வரியில் வைத்தீர்கள். "ஒரு நாட்டில் ஒரு ஆன உண்டாயிருந்து" என்று தொடங்கினீர்கள். நிற்கவில்லை. ஆனை ஆற்றில் இறங்கியது, பாகனைத் தூக்கியது, மரத்தைச் சாய்த்தது. உங்கள் விரல் கடைசி வரியையும் தாண்டி வெறும் தாளில் போய்க்கொண்டிருந்தது. உங்கள் நெற்றியில் வேர்வை. உங்கள் காது சிவந்திருந்தது. அப்பா, அந்த அறையில் உங்களை எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

பக்கத்தில் ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அய்யே! இதொண்ணும் இதுல எழுதிட்டில்ல!" என்று கூவினாள். அவள் சொன்னது உண்மை, எதுவுமே அதில் எழுதியிருக்கவில்லை. அவளுடைய வாப்பா, ஆட்டோ ஓட்டும் நாசர் இக்கா, மகளின் வாயைப் பொத்தித் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சிரித்தார். "மிண்டாதெ மோளே. அண்ணாச்சி சாக்குல எழுதியத வாசிக்குன்னதா!"

எல்லாரும் சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை. மீன்கார அம்மாவின் கண்ணாடிக்குச் சிரித்த அதே சிரிப்புதான். ஆனால் உங்களுக்கு அது செருப்பாக வந்து விழுந்தது.

நீங்கள் புத்தகத்தை மூடி மெதுவாகக் கீழே வைத்தீர்கள். பிறகு நாசர் இக்காவின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் புத்தக அலமாரியில் மோதினீர்கள். மூட்டை தூக்கும் கை. அலமாரிக் கண்ணாடி முழுவதும் நொறுங்கி இறங்கியது. அவருடைய புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் போனது. அவர் கண் தெரியாமலே உங்கள் வயிற்றில் குத்தினார். நீங்கள் அவரை மறுபடி மோதினீர்கள். உடைந்த கண்ணாடியில் உங்கள் முழங்கை முதல் மணிக்கட்டு வரை கிழிந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள், ஒன்றின்மேல் ஒன்று விழுந்தார்கள். உங்கள் ரத்தமும் அவர் ரத்தமும் பாயிலும் விரித்து வைத்த புத்தகங்களிலும் தெறித்தன. றம்லத் இத்தா இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்று, "குட்டிகள் உண்டு இவிடெ! குட்டிகள்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். நாலு பேர் சேர்ந்துதான் உங்களைப் பிடிக்க முடிந்தது.

வெள்ளைச் சட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு நீங்கள் முன்னால் நடந்தீர்கள். பவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். கிடங்குகளெல்லாம் அடைத்திருந்தன. பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே கேட்டீர்கள்.

"அந்த ஆட்டுக் கதை சொன்னப்போ, ஒனக்கும் இப்படித்தான் இருந்துச்சாட்டி?"

"எப்படிப்பா?"

"எல்லாரும் நம்ம வாயவே பாக்குற மாதிரி."

"ஆமாப்பா."

வீடு வரும்வரை உங்கள் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே வந்தது. நான் அதன்மேல் மிதிக்காமல் நடந்தேன்.

அன்றோடு நீங்கள் மாறிவிட்டீர்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். மூன்றாம் நாள் சோறு குழைந்துபோனதற்கு என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் இடித்தீர்கள். பவியை நீங்கள் மறுபடி தொடவில்லை, அது உண்மை. ஆனால் "இனி இந்த வீட்டுல ஒருத்தரும் அந்தப் பக்கம் போகப்படாது, வாய்விட்டுப் படிக்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டீர்கள். பவி படிப்பு தெரிந்த ஊமையாக வளர ஆரம்பித்தாள். அவளுடைய டீச்சர் போன மாதம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதும் அதுதான். "எழுத்தொக்கெ அறியாம். வாய் தொறக்கில்ல." எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளை, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. இந்த வருடம் போனால் பிறகு கஷ்டம் என்றார். அதனால்தான் அவளை மாலையில் புத்தகத்தோடு உட்கார வைத்தேன்.

உங்கள் கையில் போட்ட தையலைப் பிரிக்கும் முன்பே கிடங்கில் அரிசி அட்டி சரிந்தது. கூரை வரை அடுக்கிய மூட்டைகள். உங்களுக்கு முன்னால் நின்றவர் தாவிவிட்டார். உங்கள்மேல் எத்தனை மூட்டை விழுந்தது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. களமசேரி பெரியாஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது உங்கள் நெஞ்சு தட்டையாக இருந்தது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் உங்கள் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய தையலைத் தவிர அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. அன்று நான் அழுதேன். அன்று மாலை ஆறு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்காது என்று நினைத்தபோது நிம்மதியாக இருந்தது. இரண்டும் நடந்தது.

அந்தக் கை உங்களோடு போய்விட்டது என்றுதான் செவ்வாய்க்கிழமை வரை நினைத்திருந்தேன்.

நேற்று சனிக்கிழமை. பவியைக் கூட்டிக்கொண்டு வாசகசாலைக்குப் போனேன். சந்து முனை வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தோம். மூன்றாவது முறை பவிதான், "இத்தா நம்மளப் பாத்துட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு திரும்ப முடியவில்லை.

அலமாரியில் கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தார்கள். நாசர் இக்காவும் மகளும் அங்கே இருந்தார்கள். அவர் புருவத்தில் முடி இல்லாத ஒரு கோடு. என்னைப் பார்த்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சீடெ மோளல்லே? வா வா. அலமாரிய அங்கோட்டு மாத்தி வைக்கணோ?"

யாரோ சிரித்தார்கள். என் முகம் கொதித்தது. யாரிடமும் நிமிர்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. சுக்குப் பொறுக்குகிற இடத்தில்கூட என் பக்கம் ஆள் இருப்பதே தெரியாது என்பார்கள். நாசர் இக்கா தான் உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு நகர்ந்து எங்களுக்குப் பாயில் இடம் விட்டார். "இரி குட்டி. அப்பா போயல்லோ. நல்ல பணிக்காரனாயிருந்து" என்றார், குரலைத் தாழ்த்தி. உட்கார்ந்தேன்.

பவி வாயைத் திறக்கவில்லை. "ஆத்யம் சேச்சி வாசிக்கட்டே. அவ பின்னெ வாசிக்கும்" என்று றம்லத் இத்தா புத்தகத்தை என் மடியில் வைத்தார். முதலில் அக்காவாம்.

படம் மதி என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு படமும் இருந்தது. வள்ளத்தில் ஒருத்தி குடை பிடித்துப் போகிறாள். அவளை வைத்து நான் மூச்சுவிடாமல் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுத்தைப் படித்தேன். ஒரு சொல். நின்றேன். இன்னொரு சொல். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியில், இரண்டு எழுத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு எழுத்தாக நின்றது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதுகு தானாக வளைந்தது. இடது பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். நாசர் இக்காவின் மகள் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகுத்துறையில் மோட்டார் படகின் சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றியது. மீன்கார அம்மா கொட்டாவி விட்டார். யாருக்கும் அவசரமில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு விரலை அந்த எழுத்தின் கீழே வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பவி பக்கம் திருப்பி, "இது எனக்குத் தெரியல பவி, என்ன எழுத்து?" என்று கேட்டேன்.